இரண்டாவது வேட்டு

என் கரும்பைத் தின்ற பன்றிகள் இங்கிலீஷ்காரன் பன்றிகள். கோபத்தில் சொல்லவில்லை, உள்ளபடிதான் சொல்கிறேன். எங்கள் குருவிநத்தத்தை ஒட்டிப் பெண்ணையாறு ஓடுகிறது. இக்கரை பிரெஞ்சுக்காரன் சீமை, அக்கரை இங்கிலீஷ்காரன் சீமை. அந்தப் பன்றிகள் அக்கரைப் புதரில் படுத்துக் கிடந்துவிட்டு, விடிகிற நேரத்தில் தண்ணீர் கம்மியான இடமாகப் பார்த்து இறங்கி வந்து, என் கொல்லையில் வயிறு முட்டத் தின்றுவிட்டு, வெயில் ஏறுவதற்குள் ஊர் திரும்பிவிடும். ஒரு கூடை வெற்றிலை கொண்டுபோனால் ஒன்பது கேள்வி கேட்கிற சுங்கக்காரர்கள் அதுகளை ஒரு கேள்வி கேட்டதில்லை.

என் கொல்லை என்றேன் அல்லவா, அதை அழுத்தித்தான் சொன்னேன். என் அப்பா எனக்குச் சீராகக் கொடுத்த ஒரு காணி அது. கல்யாணமாகிப் பதினெட்டு வருஷமாக அதில் என்ன போடுவது, எப்போது போடுவது என்று என்னை யாரும் கேட்டதில்லை. என் வீட்டுக்காரர் நெல் போடுவார், அறுப்பார், மறுபடியும் நெல் போடுவார். அந்தத் தை மாதம் நான் பிடிவாதமாக நின்றேன். கரும்புதான் நட வேண்டும் என்றேன்.

"கரும்பு வச்சா பன்னி வரும்" என்றார்.

"வந்தா தொரத்தறேன்."

"நீ தொரத்துவியா? சரி, வையி. இந்த ஒரு வருசம். பொங்கலுக்குள்ள நல்லபடியா ஆலைக்கு வந்துச்சின்னா அது உன் கொல்ல, நீ இன்னா வேணா நட்டுக்கோ. வரலன்னா மறுபடியும் நெல்லுதான். அப்பறம் அந்தக் கொல்லயப் பத்தி நீ வாயத் தொறக்கக் கூடாது, தையலு."

பத்துப் பேர் இருக்கும்போது சொன்னார். நானும் பத்துப் பேர் முன்னால் சரி என்றேன். என் பெயர் தையலம்மாள். அவர் பெயரை நான் சொல்ல மாட்டேன், மற்றவர்கள் கூப்பிடும்போது கேட்டுக்கொள்ளுங்கள்.

கரும்பு ஆளுயரம் வளர்ந்த ஆவணி மாதத்தில்தான் அந்தத் துப்பாக்கி வீட்டுக்கு வந்தது. புதுச்சேரியில் ஒரு வெள்ளைக்கார என்ஜினியர் துரை கப்பல் ஏறும்போது இவரிடம் தள்ளிவிட்டுப் போனார். துப்பாக்கி வைத்துக்கொள்ளச் சர்க்கார் கொடுத்த பெர்மிச் சீட்டைக் கண்ணாடிச் சட்டம் போட்டு முருகன் படத்துக்கும் லட்சுமி படத்துக்கும் நடுவில் மாட்டினார் இவர். துப்பாக்கிக்கும் பூசை அறையிலேயே இடம். யாரும் தொடக் கூடாது, பொம்பளைகள் கிட்டேயே போகக் கூடாது என்று உத்தரவு. அந்த அறையைத் தினமும் கூட்டி மெழுகுகிறது யாராம்?

நல்ல துப்பாக்கிதான், குறை சொல்ல மாட்டேன். ஜெர்மனியில் செய்தது. ஐந்து தோட்டா உள்ளே போகும். பக்கத்தில் கதவுத் தாழ்ப்பாள் மாதிரி ஒரு தாழ் இருக்கும். அதைத் தூக்கிப் பின்னால் இழுத்தால், சுட்ட தோட்டாவின் வெற்றுக் கூடு வெளியே துள்ளி விழும். முன்னால் தள்ளினால் அடுத்த தோட்டா உள்ளே ஏறும். மேலே ஒரு தூரக்கண்ணாடிக் குழல், துப்பாக்கியின் முதுகோடு ஒட்டிப் படுத்திருக்கும். வருகிறவர் போகிறவருக்கெல்லாம் தாழைத் திறந்து காட்டி, "இதோ பாரு, தாழு நுனியில ஒரு பொளவு இருக்குது பாரு. கடைசி வரைக்கும் இழுத்தா இந்தப் பொளவு வழியா ஒரு சின்ன நாக்கு எட்டிப் பாத்து, காலிக் கூட்ட ஒதைச்சித் தள்ளும்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அடுப்படியில் இருந்தபடியே அதை நான் முப்பது தடவை கேட்டிருப்பேன்.

முதல் நாள் ஏரிக்கரையில் பட்டுப்போன பனைமரத்தைப் பார்த்து ஐந்து வேட்டு சுட்டார். மூன்று மரத்தில் பட்டது. மற்ற இரண்டும் எங்கே போனது என்று இங்கிலீஷ்காரனைத்தான் கேட்க வேண்டும். ஆனால் ஐந்து கூடும் நெல் பொரிகிற மாதிரி துள்ளித் துள்ளி விழுந்தன. ஒன்று பக்கிரிசாமி அண்ணன் கையில் வைத்திருந்த மோர்ச் செம்புக்குள்ளேயே விழுந்து சுர்ரென்றது. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து வந்தவர்களை எங்கள் பக்கம் சொல்தா என்போம். பக்கிரிசாமி அண்ணன் பதினாலாம் வருஷத்துச் சண்டைக்குப் போய் வந்த சொல்தா. மோர் போனாலும் பரவாயில்லை என்று, "நல்லா ஒதைக்குது குழந்தவேலு, நல்ல ஜாதித் துப்பாக்கி" என்று மெச்சினார்.

அப்புறம் ஆயுத பூசை வந்தது. கலப்பை, மண்வெட்டி, அரிவாள் எல்லாவற்றுக்கும் ஒவ்வொரு பொட்டு. துப்பாக்கிக்கு மட்டும் ஒரு கிண்ணம் சந்தனம். நான்தான் உரைத்துக் கொடுத்தேன், தோள்பட்டை விட்டுப்போயிற்று. கட்டையில் பூசினார், குழலில் பூசினார், தாழை இழுத்து அதன் நுனி முழுக்கப் பூசினார்.

"உள்ள எதுக்குங்க?"

"சக்தி உள்ளதான்டி இருக்குது" என்றார். அதற்கு மேல் துரு ஏறக் கூடாதென்று கோயில் விளக்குக்கு வைத்திருந்த விளக்கெண்ணெயையும் ஊற்றினார்.

ஐப்பசியில் பன்றிகள் வந்தன. நான் தகர டின்னை எடுத்துக்கொண்டு ஓடி, வரப்பில் நின்று தட்டு தட்டென்று தட்டினேன். பன்றிகள் வாலைத் தூக்கிக்கொண்டு ஆற்றுக்கு ஓடின. பின்னாலேயே இவர் வந்தார், துப்பாக்கியும் கையுமாக, கண் சிவந்துபோய்.

"அறிவிருக்குதாடி? தகரத்தத் தட்டினா பன்னி ஓடிடாது?"

"ஓடணும்னுதானே தட்டறேன்!"

"ஓடிட்டா நான் எதச் சுடறது?"

டின்னைப் பிடுங்கிக்கொண்டு போய் எங்கேயோ ஒளித்து வைத்துவிட்டார். மறுநாள் விடியற்காலை வரப்போரம் உட்கார்ந்தார். பின்னால் நான். பன்றிகள் வந்தன. சுட்டார். பன்றிகள் சிதறி ஓடின, பாதி வழியில் நின்று திரும்பிப் பார்த்தன. அருமையான நேரம். இவர் தாழை இழுத்தார். வரவில்லை. பல்லைக் கடித்து இழுத்தார். முனகிக்கொண்டு வந்தது. ஆனால் கூடு துள்ளவில்லை. நாக்கு எட்டிப் பார்க்கவும் இல்லை, உதைக்கவும் இல்லை. கூடு உள்ளேயே சொகுசாகப் படுத்திருந்தது. தள்ளினால் அடுத்த தோட்டா அதன்மேல் இடித்துக்கொண்டு நின்றது. விரலை விட்டு எடுக்கலாம் என்றால் மேலே தூரக்கண்ணாடி அடைத்துக்கொண்டிருந்தது. கடைசியில் துப்பாக்கியைத் தலைகீழாகப் பிடித்து உண்டியலைக் குலுக்குவது போலக் குலுக்கினார். அதற்குள் பன்றிகள் திரும்பி வந்து இன்னொரு வரிசை கரும்பைச் சாய்த்துவிட்டன.

இப்படியே தினமும். ஒரு வேட்டு, அப்புறம் குலுக்கல். பன்றிக்கு அறிவில்லை என்று எவன் சொன்னான்? முதல் வாரம் வேட்டுக்கு ஓடின. இரண்டாம் வாரம் பத்தடி நகர்ந்து நின்றன. மூன்றாம் வாரம் தலையை மட்டும் தூக்கி, வேட்டு முடிந்ததா, சரி என்பது போல மறுபடியும் மென்றன. ஒவ்வொரு கரும்பும் நானே குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றிக் காப்பாற்றியது.

சொல்தா வந்து பார்த்தார். "எல்லாம் இந்தக் கண்ணாடியாலதான். துப்பாக்கி மேல இன்னாத்துக்குப்பா ஊதுகொழலு? வெளிய வர்ற கூடு அதுல இடிச்சி உள்ள வுழுது. நாங்க சண்டையில கண்ணாலதான் பாத்துச் சுட்டோம்."

"இடிக்கவே இல்லண்ணே, கூடு எழும்பவே மாட்டேங்குது" என்று நான் கதவோரமாகச் சொன்னேன். யார் காதில் விழுந்தது?

சாமிக்கண்ணு ஆசாரி வந்து கண்ணாடிக்கு அடியில் இரண்டு பித்தளைக் கட்டை வைத்துத் தூக்கி நிறுத்தினார். அதனால் விளைந்தது இரண்டு. ஒன்று, குறி மாறிப்போய் வேட்டு எங்கேயோ போயிற்று. இரண்டு, விரல் நுழைய இடம் கிடைத்தது. இவர் ஒவ்வொரு வேட்டுக்கும் மூக்கு உள்ளே போகிற அளவு குனிந்து, சூடான கூட்டை இரண்டு விரலால் கிள்ளி எடுத்து, ஸ் ஸ் என்று கையை உதறுவார். கூடு மட்டும் தானாக வந்த பாடில்லை.

கடைசியில் இவரே ஒரு முடிவுக்கு வந்தார். கண்ணு பட்டுவிட்டதாம். ஊரில் யாரிடமும் இல்லாத துப்பாக்கி அல்லவா? அதற்குப் பரிகாரமாக வெள்ளிக்கிழமைதோறும் பூசை. முதல் வெள்ளி ஒரு பூச்சு, அடுத்த வெள்ளி இரண்டு பூச்சு. சிக்குவது கூடக் கூடச் சந்தனமும் கூடிற்று. எண்ணெய் மேல் சந்தனம், சந்தனத்துக்கு மேல் எண்ணெய். எங்கள் வீட்டில் சாமிகளுக்குப் பொட்டு வைக்கக்கூடச் சந்தனம் மிஞ்சவில்லை.

கார்த்திகை பாதியில் காணியில் மூன்றில் ஒரு பங்கு தரைமட்டம். "அடுத்த வருசத்துக்கு நெல்லு வெத எடுத்து வச்சிடட்டுமா?" என்று ஒரு நாள் சோறு தின்னும்போது கேட்டார். கிண்டலாகச் சொல்லவில்லை, நிஜமாகவே கேட்டார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. கொல்லைப்புறம் போய்க் கொஞ்ச நேரம் அழுதுவிட்டு வந்தேன்.

மறுநாள் காலை இடியாப்பம் பிழிந்துகொண்டிருந்தேன். பழைய மாவு காய்ந்து அச்சில் இரண்டு கண் அடைத்துக்கொண்டது. நான் எவ்வளவு அழுத்தினாலும் அந்த இரண்டு கண் வழியாக மட்டும் மாவு வரவில்லை. துடைப்பத்திலிருந்து புதிதாக ஒரு ஈர்க்குச்சியை உருவி, கழுவி, அடைப்பைக் குத்தி எடுத்தேன். பொட்டென்று வந்தது. எதிரே கூடத்தில் இவர் துப்பாக்கியை மடியில் வைத்துத் தாழைத் திறந்து தடவிக்கொண்டிருந்தார். வெளிச்சம் நேராக விழுந்தது. தாழ் நுனியில் பிளவு இருக்க வேண்டிய இடத்தில் மஞ்சளாக, வழுவழுவென்று, சுவர் பூசிய மாதிரி இருந்தது. அடப் பாவி மனுஷா, நாக்கு எங்கேயிருந்து எட்டிப் பார்க்கும்? வாசலைத்தான் நீ அடைத்துவிட்டாயே!

"ஏங்க" என்றேன், எவ்வளவு பணிவு முடியுமோ அவ்வளவு பணிவாக. "அந்தப் பொளவுல சந்தனம் அடச்சிக்கினு இருக்குது. அதான் ஒதைக்க மாட்டேங்குது."

அவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே. "சாமிச் சந்தனத்தக் குத்தம் சொல்றியா? அந்தச் சந்தனம் இல்லன்னா அந்த ஒரு வேட்டும் வந்திருக்காது, தெரியுமா? இடியாப்பத்தப் புழி, போ."

போனேன். பிழிந்தேன். அவர் சாப்பிட்டுவிட்டுப் பாகூருக்கு, ஊராட்சித் தலைவர் மேரைப் பார்க்க வண்டி கட்டிக்கொண்டு கிளம்பினார். வண்டி தெரு திரும்பியதும் கதவைச் சாத்தினேன். தோட்டாக்களை அவர் தனிப் பெட்டியில் பூட்டி வைப்பார், அதனால் பயமில்லை. இருந்தாலும் துப்பாக்கியைப் பச்சைப் பிள்ளை மாதிரி இரண்டு கையாலும் தூக்கி மடியில் வைத்துக்கொண்டேன். முருகன் படத்தைப் பார்த்து, "சாமி, மேல பூசியிருக்கற சந்தனம் உனக்கு, அத நான் தொட மாட்டேன். பொளவுல இருக்கறது மட்டும் எனக்கு" என்று சொல்லிவிட்டு ஈர்க்குச்சியை விட்டேன்.

கல்லாகிக் கிடந்தது. மண்ணெண்ணெய் தொட்டுத் தொட்டு ஊறவைத்துக் குத்தினேன். ஆயுத பூசைச் சந்தனம், முதல் வெள்ளிச் சந்தனம், இரண்டாம் வெள்ளிச் சந்தனம் என்று ஏடு ஏடாக வந்தது. அடியில் நாக்கு தெரிந்தது. விரலால் தொட்டால் உள்ளே போய்த் துள்ளி வெளியே வந்தது. எனக்கு வந்த சந்தோஷத்தில் அதை நாலைந்து தடவை தொட்டுப் பார்த்தேன். தாழ் போகிற தடத்தையும் மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்தேன். கடைசியாக மூலையில் இருந்த ஒரு துணுக்கைக் குத்தும்போது ஈர்க்கின் நுனி படக்கென்று ஒடிந்து பிளவுக்குள்ளேயே மாட்டிக்கொண்டது. ஊசியை விட்டுப் பார்த்தேன், வரவில்லை. வெளியே வண்டிச் சத்தம். மேர் ஊரில் இல்லையாம், பாதி வழியிலேயே திரும்பிவிட்டார். துப்பாக்கியை இருந்த இடத்தில் வைத்து, மண்ணெண்ணெய் நாற்றம் தெரியாமல் இருக்க ஒரு பிடி சாம்பிராணி போட்டேன்.

"இன்னாடி, வூடே மணக்குது" என்று உள்ளே வந்தார். "இன்னிக்குத்தான் உனக்கு பக்தி வந்துருக்குது."

எனக்கு அன்று முழுக்கச் சோறு இறங்கவில்லை. நாளைக்குச் சிக்கினால் அது சந்தனத்தால் சிக்கியதா, என் ஈர்க்கால் சிக்கியதா என்று யாருக்குத் தெரியும்? எனக்குத் தெரியும். என் கொல்லையை என் கையாலேயே தோற்றவளாகிவிடுவேன்.

விடியற்காலை வரப்போரம் உட்கார்ந்தோம். சொல்தாவும் வேடிக்கை பார்க்க வந்திருந்தார். பனி இறங்கிக்கொண்டிருந்தது. பன்றிகள் வரிசையாக வந்தன. முன்னால் அந்தப் பெரிய ஆண் பன்றி. அழிந்துபோன கரும்பில் பாதியைத் தின்றது அதுதான். நாற்பதடியில் நின்று, நான் பார்க்கப் பார்க்க, ஒரு கரும்பைச் சாய்த்துக் கடித்தது. இவர் சுட்டார். வழக்கம்போல வேட்டு வானத்துக்குப் போயிற்று. பன்றி தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு வழக்கம்போல மென்றது.

இவரும் வழக்கம்போலக் குனிந்தார், மூக்கு உள்ளே போகிற அளவுக்கு. இறுகிய தாழை இழுத்து இழுத்துப் பழகிய கையால் பலம் கொண்ட மட்டும் இழுத்தார். தாழ் சடாரென்று கோடி வரைக்கும் வந்தது. கூடு துள்ளிற்று. மேலே கண்ணாடியில் டிங்கென்று இடித்து, நேராக அவர் மூக்கில் பாய்ந்தது.

"ஐயோ யம்மா!"

குருவிநத்தம் முழுக்கக் கேட்டிருக்கும். பன்றிகள் திடுக்கிட்டு நிமிர்ந்தன. வேட்டு தெரியும் அவற்றுக்கு, இந்தச் சத்தம் புதிது. பெரிய பன்றி பக்கவாட்டில் திரும்பி எங்களையே வெறித்துப் பார்த்தது. இவருக்கு வந்ததே கோபம்! கண்ணில் தண்ணீர் கொட்ட, தாழைப் படாரென்று முன்னால் தள்ளி, கண்ணாடியைப் பார்க்காமலே வெறும் கண்ணால் நீட்டிச் சுட்டார்.

பன்றி அங்கேயே விழுந்தது. மற்றவை ஆற்றைத் தாண்டி ஓடின ஓட்டத்தில் அந்த வருஷம் இக்கரைப் பக்கமே எட்டிப் பார்க்கவில்லை.

நான் சத்தம் போட்டுச் சிரித்தேனா அழுதேனா என்று ஞாபகமில்லை. இவர் மூக்கைப் பிடித்துக்கொண்டு குனிந்து, கீழே கிடந்த கூட்டை எடுத்தார். கூடவே வேறு எதையோ எடுத்துப் பார்த்தார். என்னை ஒரு தடவை பார்த்தார். அப்புறம் இரண்டையும் மடியில் முடிந்துகொண்டார்.

பன்றியைப் பார்க்க ஊரே கூடிற்று. இவர் மூக்கு கத்திரிக்காய் மாதிரி வீங்கியிருந்தது. "எல்லாம் வெள்ளிக்கெழம பூசையோட மகிமப்பா" என்றார். "வெறுங்கண்ணால சுட்டதாலதான் பட்டுச்சி, நான் தலதலையா அடிச்சிக்கினேனே" என்றார் சொல்தா. "நான் கட்ட குடுத்துத் தூக்கலன்னா அந்தக் கூடு வெளிய வந்திருக்குமா?" என்றார் சாமிக்கண்ணு ஆசாரி. மூவரும் பன்றியின் தொடையைப் பங்கு போடும்வரை சண்டை போட்டார்கள். பற்றிக்கொண்டு வந்தது எனக்கு. வாயைத் திறந்தால் துப்பாக்கியைத் தொட்டது தெரிந்துவிடும். கறியைக் கழுவினேன். என் ஆத்திரத்துக்கு மிளகாய் இரண்டு பங்காக விழுந்தது, மூவரும் மூக்கைச் சிந்திக்கொண்டே தின்றார்கள்.

மிச்சக் கரும்பு நல்லபடியாக நின்றது. பொங்கலுக்கு நாலு நாள் முன்னால் வெட்டி, ஆலையில் ஆட்டி, வெல்லம் காய்ச்சினோம். அந்த வெல்லத்தில்தான் எங்கள் வீட்டுப் பொங்கல் பொங்கிற்று. இவர் கொல்லையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பத்துப் பேர் முன்னால் சொன்ன பேச்சு மறந்துபோயிற்று போலிருக்கிறது என்று நான் கருவிக்கொண்டே பொங்கலை எடுத்துக்கொண்டு பூசை அறைக்குப் போனேன்.

கலப்பை, மண்வெட்டி, அரிவாள் எல்லாம் பலகையில் இருந்தன. துப்பாக்கியும் இருந்தது. கட்டையில் மட்டும் ஒரே ஒரு பொட்டு. தாழைத் துடைத்துப் பளபளவென்று வைத்திருந்தார், ஒரு பொட்டுச் சந்தனம் இல்லை. அதன் பக்கத்தில் ஒரு வெற்றிலை. வெற்றிலையின் மேல் சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு ஈர்க்குத் துண்டு. அதற்குச் சந்தனமும் குங்குமமும் வைத்திருந்தார்.

பொங்கலைக் கீழே வைத்துவிட்டு அதைக் குனிந்து பார்த்தேன்.

"இது இன்னாங்க?"

"உன் ஆயுதம். கும்புடு."

"எப்பத் தெரியும் உங்களுக்கு?"

"கூட்டோட சேந்து மூக்குல வந்து குத்துச்சே, அப்பவே."

"அப்பறம் ஏன் ஊரெல்லாம் சந்தனம், சந்தனம்னு..."

"பொண்டாட்டி தொடப்பக்குச்சியால துப்பாக்கிய சரி பண்ணிக் குடுத்தான்னு தெரிஞ்சா சொல்தா என்ன உயிரோட வுடுவாரா?" என்று பல்லைக் கடித்துக்கொண்டு குசுகுசுத்தார். மூக்கில் இன்னும் தழும்பு இருந்தது. எனக்கு வந்த கோபத்தை நான் தேடித் தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை.

கற்பூரம் ஏற்றினார். மணி அடித்தார். என்னைப் பார்க்காமல், தட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"மாசி வருது. உன் கொல்லயில இந்த வருசம் இன்னா நடப்போற?"

இத்தனை வருஷத்தில் அவர் இதைக் கேட்டது அதுதான் முதல் தடவை.

"கரும்பு" என்றேன்.

"பன்னி வரும்."

"வரட்டும். என் தகர டின்ன எங்க வச்சீங்க?"

எழுந்து போனார். மாட்டுக் கொட்டகையில் எதையோ உருட்டும் சத்தம் கேட்டது. டின்னோடு திரும்பி வந்து, தோளில் கிடந்த துண்டால் தூசு தட்டி, பலகையில் துப்பாக்கியைக் கொஞ்சம் நகர்த்தி அதன் பக்கத்தில் வைத்து, அதற்கும் ஒரு பொட்டு வைத்தார்.